இரானி கடையில் ஒரு நாற்காலி

சிற்றுண்டிச் சாலைகளில் மாட்டி வைக்கும் அறிவிப்புப் பலகைகளைப் பற்றி யாராவது ஓர் ஆராய்ச்சி நூல் எழுத வேண்டும் என்பது நமது நெடுநாளைய அபிப்பிராயம். நம் பக்கத்துப் பலகைகளில் அவ்வளவு கற்பனா சக்தியைக் காண முடியாது. "கை அலம்பும் இடம்", "கடன் கேட்காதீர்" என்ற இரண்டோடு விஷயம் தீர்ந்து விடும். பம்பாய் நகரத்து இரானி டீக் கடைகளில் தொங்கிய பலகைகளோ முற்றிலும் வேறு ரகம். (1995-ல் அந்த நகரத்தின் பெயர் மும்பை என்று மாறிவிட்டது. ஆனால் பழைய கடைகளைப் பற்றிப் பேசும்போது பழைய பெயர்தான் வாயில் வருகிறது.)

தோபி தலாவ் என்னும் வட்டாரத்தில் பாஸ்தானி என்று ஒரு கடை இருந்தது. அதன் சுவரில் இருந்த பலகை கிட்டத்தட்ட ஒரு தர்ம சாஸ்திரம். தலை வாரக் கூடாது; நாற்காலியின்மேல் காலைத் தூக்கி வைக்கக் கூடாது; உரக்கப் பேசக் கூடாது; சண்டை போடக் கூடாது; சூதாட்டத்தைப் பற்றி விவாதிக்கக் கூடாது; பணம் வாங்குகிறவரோடு பேச்சுக் கொடுக்கக் கூடாது; யாருடைய விலாசத்தையும் விசாரிக்கக் கூடாது. இப்படியே வரி வரியாய்ப் போகும். பம்பாயின் ஆங்கிலக் கவிஞர் நிஸிம் எஸக்கியேல் இத்தகைய இரானி கடைக் கட்டளைகளைப் பார்த்து ரஸித்து ஒரு கவிதையே செய்துவிட்டார் என்றால் அவற்றின் பெருமையைப் பற்றி வேறு என்ன சொல்ல வேண்டும்? இப்போது பாஸ்தானி கடை இல்லை. பலகை மாத்திரம் புகைப்படங்களில் சிரஞ்சீவியாக இருக்கிறது.

அந்தக் கட்டளைகளில் ஒன்று, நெடு நேரம் உட்காரக் கூடாது என்பது. இதுதான் வேடிக்கை. ஏனெனில், பம்பாய்வாசிகள் இரானி கடைக்குப் போனதெல்லாம் நெடு நேரம் உட்காருவதற்காகத்தான். மற்றக் கட்டளைகள் அனைத்தையும் முதலாளி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக் கொண்டு அமல் நடத்தினார். இந்த ஒரு கட்டளையை மாத்திரம் எழுதியவரும் மறந்து விட்டார், படித்தவரும் மறந்து விட்டார். ஒரு கோப்பைத் தேநீருக்கு உரிய காசைக் கொடுத்துவிட்டு ஒருவன் இரண்டு மணி நேரம் ஒரு நாற்காலிக்கு உடையவனாக இருக்கலாம். ஜன நெருக்கடி மிகுந்த அந்த நகரத்தில் இது லேசான சலுகை அல்ல. ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுத்துறங்கும் ஊரில், தனக்கென்று ஒரு நாற்காலியும், அதன் எதிரே ஒரு சலவைக்கல் மேஜையும், மேலே சுழலும் மின்சார விசிறியும் கிடைப்பதென்றால் அது ஏழைக்குக் கிடைத்த ஜமீன்தான்.

இந்த இரானிகள் யார்? பார்ஸிகள்தானே என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. இரு சாராரும் ஜரதுஷ்டிரரின் மதத்தைச் சேர்ந்தவர்கள். அக்கினியைப் புனிதமாகப் போற்றுகிறவர்கள். ஆனால் பார்ஸிகளின் முன்னோர் ஆயிரம் வருஷத்துக்கும் முன்னாலேயே குஜராத்தின் கரையில் வந்து இறங்கியவர்கள். இரானிகள் நேற்று வந்தவர்கள். 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்திலும் பாரஸீகத்தின் யஸ்து, கெர்மான் என்னும் பிரதேசங்களிலிருந்து புறப்பட்டு வந்தார்கள். அங்கே அவர்கள் பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல. வேற்று மதத்தினர் என்பதற்காக ஜிஸியா என்னும் தலைவரி செலுத்த வேண்டியிருந்தது. மாணெக்ஜி லிம்ஜி ஹாத்தாரியா என்ற பார்ஸி கனவான் அந்நாட்டிலேயே பல வருஷம் தங்கி, ஷாவின் தர்பாரில் விடாமல் மன்றாடி, கடைசியில் 1882-ல் அந்த வரியை நீக்கச் செய்தார். இதற்கிடையில் 1870 முதல் 1872 வரையில் பாரஸீகத்தில் கொடிய பஞ்சம் வேறு தலை விரித்தாடிற்று. ஊரை விட்டுக் கிளம்பியவர்களுக்குப் பம்பாய் ஒரு புகலிடமாயிற்று.

வந்தவர்களில் பலர் பார்ஸி வீடுகளில் ஏவலாளர்களாக அமர்ந்தார்கள். மாலையில் வேலை முடிந்ததும் ஒன்று கூடி ஊர்ப் பேச்சுப் பேசுவார்களாம். அவர்களில் புத்திசாலி ஒருவன் எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்துத் தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்க ஆரம்பித்தானாம். இரானி கடையின் உற்பத்தியைப் பற்றி இப்படி ஒரு கதை சொல்லுகிறார்கள். உண்மையோ பொய்யோ, கேட்பதற்கு நன்றாயிருக்கிறது.

கடைக்கு இடம் வேண்டுமே? இங்கேதான் நம்மவர்களின் சாஸ்திர ஞானம் அவர்களுக்குக் கை கொடுத்தது. தெரு முனையில் இருக்கும் மூலைக் கடை வியாபாரத்துக்கு ஆகாது என்று ஹிந்து வியாபாரிகள் ஒதுக்கி விட்டார்களாம். அந்த மாதிரி அபசகுனங்களைப் பற்றி இரானிக்குக் கவலையில்லை. மூலைக் கடை என்றால் இரண்டு தெருவிலிருந்தும் காற்று வரும், வெளிச்சம் வரும், முக்கியமாக, இரண்டு தெருவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். நாம் வேண்டாமென்று தள்ளிய மூலைகளில் அவர்கள் உட்கார்ந்து கொண்டார்கள். பம்பாயில் எந்த நாற்சந்தியில் நின்று பார்த்தாலும் ஓர் இரானி கடை தென்படும் என்று சொல்லும்படியான காலமும் வந்தது.

அத்தகைய கடை ஒன்றுக்குள் நுழைந்து பார்க்கலாம். வாசலருகே உயரமான மேஜைக்குப் பின்னால் முதலாளி வீற்றிருப்பார். அவருக்கு முன்னால் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள், ஜாடிகளுக்குள் பிஸ்கோத்துகள். பின்னாலுள்ள அலமாரியில் சவுக்காரம், சவர பிளேடு, தீப்பெட்டி, முட்டை என்று ஒரு சில்லறை மளிகைக் கடையே குடியிருக்கும். சுவரில் ஜரதுஷ்டிரரின் படம். சுற்றிலும் ஆளுயரக் கண்ணாடிகள். வாடிக்கைக்காரன் தன் முக லாவண்யத்தைக் கண்டு களிப்பதற்காக அவற்றை மாட்டியிருக்கிறார்கள் என்று எண்ணக் கூடாது. முதலாளி தம் ஆசனத்தை விட்டு அசையாமலே எந்த மூலையில் எவன் என்ன செய்கிறான் என்று பார்ப்பதற்குத்தான். ஆயினும் கண்ணாடியைக் கண்டால் மனித சுபாவம் சும்மாயிருக்குமா? கை தானாகவே சட்டைப் பையிலுள்ள சீப்பைத் தேடுகிறது. தலை வாராதே என்ற கட்டளை பிறந்த ரகசியம் இதுதான் என்பது நமது ஊகம்.

நாற்காலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. வளைத்த மரத்தால் ஆன கறுப்பு நாற்காலிகள். முதுகு வளைவில் ஒரு மூலையோ கூர்மையோ இராது. மரத்தை நீராவியில் வேகவைத்து வளைக்கும் வித்தையை ஐரோப்பாவில் பெரிய தொழிலாக்கியவர் மைக்கேல் தோனெட் என்னும் தச்சர். அவருடைய கம்பெனி 1859-ல் வெளியிட்ட 14-ஆம் நம்பர் நாற்காலி மொத்தம் ஆறு மரத்துண்டுகளும், பத்துத் திருகாணிகளும், இரண்டு மரைகளும் கொண்டது. கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகளை அடக்கி விடலாம். இப்படிக் கப்பலில் ஏற்றுவதற்கென்றே பிறந்த ஜாதியைச் சேர்ந்த நாற்காலிதான் இரானி கடைகளில் குடியேறியது. பாரஸீகத்து முதலாளி, ஐரோப்பிய மாதிரி நாற்காலி, அதன் மேல் உட்காருகிறவர் திருநெல்வேலிக்காரராகவும் இருக்கலாம், ரத்னகிரிக்காரராகவும் இருக்கலாம். யாரும் யாரையும் "நீர் என்ன ஜாதி?" என்று கேட்பதில்லை.

அந்நாட்களில் இது எவ்வளவு பெரிய காரியம் என்பதைத் தமிழ் நாட்டார் எளிதில் உணர்வார்கள். "பிராமணாள் ஹோட்டல்" என்ற பலகைகள் நம் ஊர்களில் எத்தனை காலம் தொங்கின! அவற்றை எதிர்த்து 1957-ல் கூட மறியல் நடந்தது அல்லவா? இரானி கடைகளிலும் ஆதியில் எல்லாம் சமத்துவமாயிருந்து விட்டது என்று சொல்வதற்கில்லை. வெவ்வேறு மதத்தாருக்கென்று வெவ்வேறு விதமான கோப்பைகள் வைத்திருந்த கடைகளும் உண்டு என்று சொல்லுகிறார்கள். ஆனால் கோப்பை வேறானாலும் மேஜை ஒன்றுதான். ஆபீஸ் குமாஸ்தாவும், டாக்ஸி ஓட்டுகிறவரும், பரீட்சைக்குப் படிக்கும் மாணாக்கனும், பங்கு மார்க்கெட்டில் பணத்தைத் தொலைத்தவரும் அங்கே முழங்கையோடு முழங்கை இடித்துக் கொண்டு உட்கார்ந்தார்கள்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். மாமிச பதார்த்தங்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவற்றுக்குப் பேர் போன கடைகளும் ரஸிகர்களும் அநேகம். நமக்கு வேண்டியது பன் மஸ்காவும் தேநீருமே. மஸ்கா என்றால் வெண்ணெய். பம்பாய் பாஷையில் "மஸ்கா அடிப்பது" என்றால் முகஸ்துதி செய்வது. எவ்வளவு பொருத்தமான பிரயோகம் என்பது இரானி கடையில் பன்னின் நடுவைப் பிளந்து வெண்ணெய் பூசுகிற தாராளத்தைக் கண்டவர்களுக்குத் தெரியும். பிருன் என்று இன்னொரு ரொட்டி உண்டு. அதன் மேல் ஓடு செங்கல்லுக்குத் தம்பி. பல்லின் பலத்தைப் பரீட்சை செய்ய விரும்பாதவர்கள் அதைத் தேநீரில் நனைத்துத்தான் சாப்பிட வேண்டும். நனைத்தால், ஆஹா! வெண்ணெய் உருகித் தேநீரின் மேல் பொன்னிறமாக மிதக்கும்; ரொட்டி உள்ளே மெத்தென்றும் வெளியே மொறுமொறுப்பாகவும் இருக்கும். பாரஸீகத்தில் பால் சேராத தேநீரைச் சர்க்கரைக் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு குடிப்பதுதான் வழக்கம். பம்பாய்க்கு வந்த பிறகு ஊருக்குத் தகுந்தாற்போல் பாலும் சர்க்கரையும் தாராளமாகச் சேர்ந்தன. "பானி கம்" என்று சொன்னால், தண்ணீரைக் குறைத்துப் பாலை மிகுத்துத் திக்காக வரும். கும்பகோணம் டிகிரி காப்பியில் வளர்ந்த நாக்கு கூட அதைக் குறை சொல்லத் தயங்கும்.

பம்பாயில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் இந்தக் கடைகளைப் பற்றிப் பேச்செடுத்தோம். அவர் 1968-ல் இருபது வயதுப் பிள்ளையாக, டைப் அடிக்கத் தெரியும் என்ற ஒரே ஆஸ்தியுடன், தாதர் ஸ்டேஷனில் போய் இறங்கியவர். தெற்கத்தியர்களுக்கு அங்கே அது நல்ல காலம் அல்ல. 1966-ல் சிவசேனை தோன்றியது முதல், வேலைகளையெல்லாம் மதராஸிகள் கொண்டு போகிறார்கள் என்ற கூச்சல் பலமாயிருந்தது. உடுப்பி ஹோட்டல்களின் மீது கல் விழுந்ததும் உண்டு.

"மாதுங்காவில் ஓர் அறை. ஆறு பேர். இரவு வேலைக்காரர்கள் பகலில் தூங்க வேண்டுமென்பதால், பகலில் வேலையில்லாதவனுக்கு அறையில் இடமில்லை. எங்கே போவது, சொல்லுங்கள்?" என்றார் நண்பர்.

"எங்கே போனீர்கள்?"

"முக்கிலிருந்த இரானி கடைக்கு. காலை ஒன்பது மணிக்கு ஒரு டீ. அந்த மேஜையிலேயே பேப்பரைப் படித்து, உத்தியோக விளம்பரங்களைக் குறித்துக் கொண்டு, விண்ணப்பங்களை எழுதுவேன். பதினொரு மணிக்குப் பையன் வந்து மேஜையைத் துடைப்பான். 'எழுந்து போ' என்று அதற்கு அர்த்தமாக்கும். நான் காலைச் சற்றுத் தூக்கிக் கொள்வேன். துடைத்துவிட்டுப் போய் விடுவான்."

"முதலாளி ஒன்றும் சொல்ல மாட்டாரா?"

"அந்த மனுஷர் வாயைத் திறந்து பேசி நான் கேட்டது மூன்று நான்கு தடவைதான். அறை நிலையில்லை என்பதால் விண்ணப்பங்களில் கடை விலாசத்தைப் போட்டுவிட்டேன், அவரைக் கேட்காமலே! சுவரிலே பலகை, விலாசம் விசாரிக்கக் கூடாதென்று. ஒரு நாள் கூப்பிட்டார். தொலைந்தோம் என்று நினைத்தேன். மேஜை அறையைத் திறந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தார். 'உனக்குத்தானா, பார்' என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு, நான் உள்ளே நுழைந்தால் தலையை இப்படி ஒரு தரம் ஆட்டுவார். 'இன்று கடிதம் இல்லை' என்று அர்த்தம்."

"வேலை கிடைத்ததும் அந்த விலாசத்துக்கு வந்த கடிதத்தில்தானோ?"

"இல்லை, ஐயா. அது வேறொரு சிநேகிதர் மூலமாக வந்தது. ஆனால் முதல் சம்பளம் வாங்கிய அன்றைக்கு அங்கே போய் இரண்டு பன் மஸ்கா வாங்கிச் சாப்பிட்டேன். முதலாளி பில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். 'நாளைக்கு வர மாட்டாய்' என்றார். வாஸ்தவந்தான். ஆபீஸ் கோட்டையில், எனக்கு அந்தக் கடைக்குப் போக நேரம் ஏது?"

எல்லா முதலாளிகளும் இப்படி மௌன விரதம் பூண்டவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். நேர் விரோதமான மனிதர் ஒருவரைப் பம்பாய் முழுவதும் அறிந்திருந்தது. பல்லார்டு எஸ்டேட் என்னும் துறைமுகப் பகுதியில் 1923-ல் ஆரம்பமான பிரிட்டானியா கடையின் சொந்தக்காரர் போமன் கோஹினூர். 97 வயது வரையில் வாழ்ந்து 2019-ல் காலமானார். கடை பகல் போஜன நேரத்துக்கு மாத்திரம் திறக்கும். கிழவர் மேஜை மேஜையாகப் போய்த் தாமே உட்கார்ந்து, என்ன வேண்டுமென்று கேட்டு எழுதிக் கொள்வார். வெயிலுக்கு எலுமிச்சம்பழ ஸோடாதான் உகந்தது என்று வைத்தியர் மாதிரி சிபார்சு செய்வார். இரானிலிருந்து வரும் புளிப்பான ஒருவகைச் சிறு பழங்களைத் தூவிய புலவு அக்கடையின் கீர்த்திக்குக் காரணம். அந்தத் தேசத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த அவருடைய மனைவியார் புகுத்திய பதார்த்தம் அது.

ஆனால் வந்தவர்கள் மறக்காமல் வீட்டுக்குக் கொண்டு போனது புலவின் ருசியை அல்ல, கிழவரின் ராஜ பக்தியை. இங்கிலாந்து ராணியிடம் அவருக்கு இருந்த பிரேமைக்கு அளவே கிடையாது. ராணியிடமிருந்து வந்த கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்து, சீமையிலிருந்து யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவார். ராணியிடம் தம் நமஸ்காரத்தைச் சேர்ப்பிக்கும்படி கேட்டுக் கொள்வார். 2016-ல் இளவரசர் வில்லியமும் அவர் மனைவியும் பம்பாய்க்கு வந்தபோது அவர்களை நேரில் சந்தித்துப் பேசினார். யுத்த காலத்தில் இவருடைய கடைக் கட்டடத்தையே ராணுவத்துக்கென்று எடுத்துக் கொண்டவர்கள் யார் என்றால், அதே பிரிட்டிஷ் சர்க்கார்தான்! சுதந்திரத்துக்காகச் சிறை சென்றவர்கள் சாப்பிட வந்திருந்தால் இந்த ராஜ பக்தி அவர்களுக்கு ஜீரணமாகியிருக்குமா என்று நாம் யோசித்ததுண்டு. ஒருவேளை சிரித்துவிட்டு இன்னொரு ஸோடா கேட்டிருப்பார்கள். ஒரு தேசத்தின் சுதந்திரத்துக்கு ஒரு கிழவரின் பிரேமையால் என்ன குறைந்துவிடப் போகிறது?

சென்ற நூற்றாண்டின் நடுவில் பம்பாயில் நூற்றுக்கணக்கான இரானி கடைகள் இருந்தன. இப்போது எண்ணிப் பார்த்தால் சில டஜன்கள் தேறினால் அதிகம். 1904-ல் தொடங்கிய கயானி போன்ற சில பெயர்கள் இன்னும் நிலைத்திருக்கின்றன. மற்றவை என்ன ஆயின? சில, சாராயம் விற்கும் 'பெர்மிட் ரூம்'களாக மாறின. சில, பாங்கிகளாயின. பல கடைகள் கூட்டு வியாபாரம். ஒரு தலைமுறையில் நான்கு பங்குதாரர்கள் என்றால் அடுத்த தலைமுறையில் பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டு பேரில் விடியற்காலையில் எழுந்து அடுப்பு மூட்ட யாருக்கு மனம் வரும்? டாக்டராகவும் எஞ்சினீயராகவும் அயல் நாடுகளுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பிள்ளைகள் அப்படிப் போக வேண்டுமென்றுதானே கிழவர்கள் அடுப்படியில் வெந்தார்கள்?

இதைவிடப் பெரிய காரணம், நாற்காலிக்கும் நிலத்துக்கும் ஏற்பட்ட பகை. 1947-ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் பழைய குடித்தனக்காரர்களின் வாடகையைக் கட்டிப் போட்டது. அந்த மலிவு வாடகையில்தான், ஒரு டீக்கு இரண்டு மணி நேரம் என்ற தாராளம் கட்டி வந்தது. ஆனால் இரண்டு தெருக்களும் கூடுகிற அதே மூலை, யாரும் வேண்டாமென்று தள்ளிய அதே அபசகுன மூலை, நகரத்தில் எல்லாவற்றையும் விட விலை உயர்ந்த மனையாகிவிட்டது. கட்டடத்தை இடித்து மாடி மேல் மாடி எழுப்ப ஆள் வந்து நிற்கும்போது, நாற்காலி ஒன்றுக்கு மணிக்கு எவ்வளவு வரும்படி என்று கணக்குப் பார்க்கத் தோன்றுகிறது. அப்படிக் கணக்குப் பார்த்தால், விண்ணப்பம் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இருபது வயதுப் பையன்தான் முதல் நஷ்டம். இன்று புதிதாகத் திறக்கும் குளிர்சாதனக் காப்பிச் சாலைகளில் அவனும் நெடு நேரம் உட்காரலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அங்கே ஒரு கோப்பைக் காப்பியின் விலையில் அவனுடைய ஒரு நாள் சாப்பாடு முடிந்துவிடும்.

கிராண்ட் ரோட் ஸ்டேஷனுக்கு எதிரே 1914-ல் ஏற்பட்ட மெர்வான் கடை, மாவா கேக்குக்குப் பெயர் பெற்றது. பாலைச் சுண்டக் காய்ச்சிய கோவாவும் ஏலக்காயும் சேர்த்துச் செய்கிற சின்னக் கேக். 2014-ல், சரியாக நூறு வருஷம் ஆனபோது, கடையை மூடப் போகிறார்கள் என்ற செய்தி பரவியது. உடனே ஜனங்கள் வந்து குழுமினார்கள். பள்ளிக்கூட நாளில் அங்கே சாப்பிட்டவர்கள் பேரன் பேத்திகளை அழைத்துக் கொண்டு வந்தார்கள். பிறகு, செப்பனிட்டுக் கடையை மறுபடியும் திறந்தார்கள். திறந்த பிறகும் காலையில் சீக்கிரம் போகிறவர்களுக்குத்தான் கேக் கிடைத்தது. பத்து மணிக்கு மேல் சாவகாசமாக வந்தவர்கள் தேநீரைக் குடித்துவிட்டு, காலித் தட்டுகளைப் பார்த்துக் கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து போனார்கள்.